அணைகிறது, உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது: வீட்டில் உருட்டிய ஊதுபத்திக்குக் கைவைத்தியம்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் நாற்பது ஊதுபத்தி உருட்டினேன். தீபாவளி பட்சணத் தட்டோடு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதாக எண்ணம். நாற்பதில் ஒன்றுகூடப் பாதியைத் தாண்டி எரியவில்லை. சாம்பிராணியைக் குறைத்துப் பார்த்தேன், கரியைக் கூட்டிப் பார்த்தேன், பசைத் தூளையே மாற்றிப் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை என்று முறத்தோடு பரணில் ஏற்றிவிட்டேன். மாசி மாதம் ஒட்டடை அடிக்க ஏறியபோது முறம் கண்ணில் பட்டது. சும்மா ஒன்றைக் கொளுத்தினால், அது பாட்டுக்கு அடிவரை எரிந்து முடிந்தது. அளவில் குறை ஒன்றும் இருக்கவில்லை. மந்தைவெளியின் கடற்காற்றும் அடைமழையும் சேர்ந்துகொண்டு பத்தியைக் காயவே விடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சென்னையில் பத்தி சண்டித்தனம் செய்தால், செய்முறை அளவைத் தொடும் முன் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். மைசூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் சொல்லும் "மூன்று நாள் நிழலில் உலர்த்தவும்" என்ற கணக்கு இங்கே மாசி, பங்குனியில் சரியாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளானாலும் வராது.

இனிச் சொல்வதற்கெல்லாம் நான் அடிப்படையாக வைத்திருப்பது 100 கிராம் தூள்: மரத்தூள் 35, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் சேர்த்து 20, ஜிகட் 20, கொட்டாங்குச்சிக் கரித்தூள் 15, சாம்பிராணி 10. குச்சியில் உருட்டுவதாக இருந்தால் ஜிகட்டை 28 வரை ஏற்றி, மரத்தூளில் அந்த எட்டைக் குறைத்துவிடுவேன். கூம்பாகப் பிடிப்பதற்கு 20 போதும். வெந்நீர் ஏறக்குறைய 60 மில்லி, ஆனால் ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. ஜிகட் என்பது தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் ஒரு மரப்பட்டைத் தூள். நாட்டு மருந்துக் கடையில் மைதா லக்கடி என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பூங்கா நகரில் கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டித் தெருவுக்கு ஒரு நடை போனால் அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

பற்றிக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அழுவது இதற்குத்தான். அணைந்த இடத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். அந்த நுனி பாதி கதையைச் சொல்லிவிடும். கங்கு இருந்த இடம் மங்கலான கறுப்பாக, சாம்பல் ஒட்டாமல், தொட்டால் லேசாக மெத்தென்று இருந்தால் அது ஈரம். அதே இடம் கண்ணாடிபோல் பளபளத்து, சாம்பலுக்குக் கீழே தார் பூசியது போன்ற கறுப்பு வளையம் தெரிந்தால் அது சாம்பிராணியின் வேலை. சாம்பிராணி ஒரு பிசின். கங்கு நெருங்கும் முன்பே உருகி, தூளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும். காற்று போகாத இடத்தில் கங்கு எப்படி உயிரோடு இருக்கும்?

ஈரமா என்று உறுதி செய்ய, சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு கூம்பை நிறுத்தால் ஒன்றும் தெரியாது, வீட்டுத் தராசுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. பத்துக் கூம்புகளை ஒரே தட்டில் வைத்து, பிடித்த அன்றே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கூம்புகள் பத்தும் சேர்ந்து ஈரத்தில் 30 கிராம் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துவந்தால் 26, 23, 21 என்று இறங்கி 19-இல் நிற்கும். இரண்டு நாள் தொடர்ந்து எடை அசையவில்லை என்றால்தான் காய்ந்தது என்று பொருள். கார்த்திகையில் இந்த எடை 21-லேயே நின்றுவிடும். அதையும் காய்ந்தது என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். சுற்றியிருக்கும் காற்றே நனைந்திருப்பதால் பத்தி அதற்குமேல் ஈரத்தைக் கொடுக்க மறுக்கிறது. ஊற்றிய தண்ணீரின் அளவு உங்களுக்குத் தெரியுமே, அதைக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது விளங்கும்.

அப்படி நின்றுவிட்டால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது படுக்கையறைக்கு. இரவு ஏசி ஓடும் அறை சென்னையில் கிடைக்கும் மிகச் சிறந்த உலர்த்தும் அறை. அது காற்றிலிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. இரண்டு இரவில் அந்த மீதி இரண்டு கிராமும் போய்விடும். பீரோவிலிருக்கும் புடவைகளுக்கும் வெட்டிவேர் வாசனை ஏறும், அது கொசுறு. ஏசி இல்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு ஓரளவுக்குக் கைகொடுக்கும். நுண்ணலை அடுப்பு, இட்லிப் பாத்திரத்தின் சூடு, அடுப்படித் தணல் என்று குறுக்கு வழிக்குப் போக வேண்டாம். வாசனை முழுக்கப் பறந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

எடை சரியாக இறங்கியும் அணைகிறது என்றால், அடுத்தது கோட்டுச் சோதனை. இதைத் தண்ணீர் சேர்க்கும் முன்பே செய்திருந்தால் எவ்வளவோ வேலை மிச்சம். ஒரு தாம்பாளத்தில் விபூதியை அரை அங்குலம் பரப்பி, பென்சிலை அழுத்தி ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமாகக் கோடு இழுங்கள். கலந்துவைத்த உலர்ந்த தூளை அந்தப் பள்ளத்தில் நிரப்பி ஒரு முனையைப் பற்ற வையுங்கள். கங்கு கோட்டின் மறுமுனை வரை தானாக ஊர்ந்து போனால் கலவையில் பழுதில்லை. உங்கள் சிக்கல் ஈரம், பருமன் அல்லது பிசைந்த விதத்தில் இருக்கிறது. நடுவழியில் நின்றால் கலவையே தவறு. சாம்பிராணியை ஐந்து கிராம் குறைத்து, கரியை ஐந்து கிராம் கூட்டி மறுபடி ஒரு கோடு போடுங்கள். தூள் நிலையில் திருத்துவது நிமிட வேலை, உருட்டிய பின் திருத்துவது ஒரு வார வேலை.

பருமனும் ஒரு காரணம்தான். கட்டைவிரல் மொத்தத்தில் கூம்பு பிடித்தால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். அடிப்பாகம் சுண்டுவிரல் நுனி அளவுக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் போட்டு ஆணி அடிப்பதுபோல் அழுத்தினாலும் காற்று போக இடமிருக்காது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: கூம்பு முக்கால்வாசி நன்றாக எரிந்து, அடியில் கால் அங்குலம் மட்டும் ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிறதா? பத்தியின் மேல் பழி போடாதீர்கள். பித்தளைத் தட்டும் எவர்சில்வர் கிண்ணமும் கங்கின் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன, அடியில் காற்றும் புகுவதில்லை. விபூதியையோ மணலையோ கொஞ்சம் குவித்து அதன்மேல் நிறுத்துங்கள், தூசு மிஞ்சாது.

பசபசவென்று எரிந்து தீர்கிறது, பொறி பறக்கிறது

கரி கூடிவிட்டது, அல்லது கரி சரியாக அரைபடவில்லை. எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டு வாங்கிவந்த கரியில் எனக்கு இது நடந்தது. அது மரக்கரி, குருணையாக நிற்கும், சூட்டில் வெடிக்கும். கொட்டாங்குச்சியைச் சுட்ட கரியை அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுத்தால் பொறி நின்றுவிடும். சித்த மருந்து செய்பவர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். மிக்ஸி மூடியை உடனே திறந்துவிடாதீர்கள், புழுதி அடங்கட்டும். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு நாளைக்கு மூக்கைச் சிந்தினால் மை வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எளிதாகப் பற்றுவதற்காக வெடியுப்பு சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உலவுகின்றன. கடையில் விற்கும் உடனே பற்றும் கரி வில்லைகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. வெடியுப்பும் கரியும் சேர்ந்தால் வெடிமருந்துக்கு மூன்றில் இரண்டு பொருள் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வில்லையை மிக்ஸியில் போட்டு அரைப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சரியாகக் காய்ந்த பத்திக்கு அது தேவையே இல்லை.

குச்சியில் ஒட்டவில்லை, காய்ந்தபின் உதிர்கிறது

பழி முதலில் ஜிகட்டுக்கு. பழைய சரக்கும் கலப்பட சரக்கும் தாராளமாகப் புழங்குகின்றன. கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "அம்மா, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தால் நூல் இழுக்க வேண்டும். மணல்போல் நெருடினால் வைத்துவிட்டுப் போங்கள், நானே விற்றாலும் வாங்காதீர்கள்." வெண்டைக்காய் வழவழப்பு போல ஒரு நூல் வரும்; ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஜிகட் நன்றாக இருந்தும் உதிர்கிறதென்றால் பிசைந்தது போதவில்லை. சப்பாத்தி மாவுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இதற்கும் கொடுங்கள்: பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பட்டைத் தூள் நீரைக் குடித்து உப்புவதற்கு அந்த நேரம் வேண்டும். ஊறிய பிறகு பார்த்தால் தண்ணீர் போதாது என்று முதலில் தோன்றிய மாவு தளர்ந்திருக்கும். அவசரப்பட்டு நீரைக் கொட்டியவர்கள் இந்த இடத்தில்தான் கைகளைப் பிசைகிறார்கள்.

வெட்டிவேரை வீட்டில் அரைத்தீர்களா? அதன் நார் மிக்ஸிக்கு மசியாது. சலிக்காமல் போட்டால் பத்தியில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு நின்று, அந்த இடத்திலேயே பெயர்ந்து விழும். கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்தால் பாதி தேறும். மிச்ச நாரைக் குளிக்கும் வெந்நீரில் போட்டுக்கொள்ளலாம். நான் இப்போது தூளாகவே வாங்கிவிடுகிறேன்.

மூங்கில் குச்சி வழவழவென்று இருந்தாலும் மாவு வழுக்கும். குச்சிகளை மெல்லிய ஜிகட் கரைசலில் ஒரு முக்கு முக்கி, உலர்ந்த தூளில் புரட்டி எடுத்த பிறகு உருட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

விரிசல் விடுகிறது, வளைகிறது

மொட்டை மாடி வெயிலில் வைத்திருக்கிறீர்கள். வேறு காரணம் தேட வேண்டாம். வடகமும் அப்பளமும் காயும் இடத்தில் பத்திக்கு வேலையில்லை. மேல்தோல் முதலில் சுருங்கி, உள்ளே இன்னும் உப்பலாக இருப்பதால் வெடிக்கிறது. முதல் நாள் முழுக்க நிழல், மேலே ஒரு மெல்லிய துணி. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றடிக்கும் பக்கம் மட்டும் காய்ந்து வாழைப்பழம் போல் வளையும். அக்னி நட்சத்திர நாட்களில், அதாவது மே மாதத்தில், நிழலே போதுமான உலை. மதியத்துக்குமேல் கடற்காற்று திரும்பியதும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். காலையெல்லாம் விட்ட ஈரத்தை மாலையில் வாங்கிக்கொள்ளும்.

பூஞ்சை

வெள்ளையாகப் படர்ந்திருப்பது எல்லாமே பூஞ்சை அல்ல. சாம்பிராணித் தூள் மேலே எழும்பி வெளிறித் தெரிவதும் உண்டு. ஊதினால் அசையும் பஞ்சுபோல் இருந்து, முக்கல் வாடை அடித்தால் பூஞ்சைதான். துடைத்துவிட்டு எரிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் புகையை வீட்டில் பரப்புவதில் என்ன புண்ணியம்?

இதற்குப் பெரும்பாலும் காரணம் பூ. சுவாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போட மனமில்லாமல் பத்தியாக்குவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் சாமந்தியின் காம்பும் அடித்தண்டும் எளிதில் காயாது. இதழை மட்டும் உதிர்த்து, கையில் எடுத்து நெரித்தால் சருகுபோல் நொறுங்கும் வரை உலர்த்த வேண்டும். மடங்கினால் இன்னும் ஈரம். மழைக்காலத்தில் பூப் பத்திக்கு நான் கை வைப்பதே இல்லை. கோயம்பேட்டில் பூ மலிவாகக் கிடைக்கிறதே என்று புரட்டாசிக் கடைசியில் ஆசைப்பட்டு, கூடை கூடையாகக் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கொளுத்தினால் கருகல் நாற்றம்

கீழ்வீட்டுப் பாட்டி ஒரு நாள் படியேறி வந்து, "என்னம்மா, யாருக்காவது தலைமுடி பொசுங்கிவிட்டதா?" என்று கேட்டார். அன்று நான் மாவைத் தண்ணீருக்குப் பதில் பாலில் பிசைந்திருந்தேன். பாலிலிருக்கும் புரதம் கருகினால் முடி கருகிய வாடைதான் வரும். பாலோ தயிரோ ஊற்றச் சொல்லும் செய்முறையைப் பக்திக்காகச் செய்யலாம், மணத்துக்காகச் செய்ய முடியாது. நெய் கூடினால் கரிப்புகை. தேனும் நாட்டுச் சர்க்கரையும் கருகிய பாகு வாடை தருவதோடு, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மட்டிப்பால் என்னும் மரப்பிசினும் அப்படித்தான். அது சேர்ந்த மசாலா பத்திகள் தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். சென்னையில் இந்த மூன்றையும் சேர்த்து 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் சேர்க்காமலே கட்டை எரியும் வாடை வந்தால் ஜிகட் அதிகம். நூற்றில் முப்பதைத் தாண்டினால் வேறு எந்த வாசனையையும் அது தலையெடுக்க விடாது.

தூளில் மணக்கிறது, எரித்தால் மணமே இல்லை

மல்லிகையைப் போட்டு மல்லிகை வாசனையை எதிர்பார்த்திருப்பீர்கள். பூவின் மணம் காயும்போதே பாதி ஓடிவிடும், மிச்சத்தைக் கங்கு தின்றுவிடும். நெருப்பில் நின்று பேசுபவை வேரும் கட்டையும் பிசினும்தான்: வெட்டிவேர், சந்தனம், அகில், கோரைக்கிழங்கு, குங்கிலியம், சாம்பிராணி; பூமொட்டானாலும் கிராம்பும் உண்டு. கூந்தலை உலர்த்த நம் முன்னோர் தேடிப் போனது அகிற்புகையை. பூவைத் தலையில்தான் சூடினார்கள், நெருப்பில் போடவில்லை.

சந்தனத் தூளிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது என்றால் அது சாயமும் செண்டும் ஏற்றிய மரத்தூள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, மரத்தூளாக அது நன்றாகவே எரியும். அதிலிருந்து சந்தன மணத்தை எதிர்பார்ப்பதுதான் தவறு.

அரைக்கும்போதும் மணம் போகும். மிக்ஸி சூடேறினால் வாசனை மூடியைத் திறந்ததும் உங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போய்விடும், பத்திக்கு மிஞ்சாது. விட்டு விட்டு ஓட்டுங்கள். சாம்பிராணிக் கட்டியை உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, உடைத்து, ஒரு கரண்டி மரத்தூளோடு சேர்த்து அரைத்தால் ஜாடியில் அப்பிக்கொள்ளாது. அப்பிக்கொண்டுவிட்டால் தண்ணீரும் சோப்பும் பலிக்காது, பிசின் நீரில் கரையாது. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன கைக்கழுவும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து. அதிலிருக்கும் சாராயம் பிசினைக் கரைத்துவிடும்.

எல்லாம் சரி என்றால், பொறுங்கள். காய்ந்த பத்தியை மூடிய டப்பாவில் மூன்று வாரம் வைத்தபின் கொளுத்துங்கள். முதல் நாள் தனித்தனியாக அடித்த கிராம்பும் கிழங்கும் அதற்குள் ஒன்றோடொன்று சமாதானம் ஆகியிருக்கும்.

கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது

எந்தப் பத்தியின் புகையும் மருந்தல்ல. ஜன்னலைத் திறந்து வைத்தே கொளுத்துங்கள். ஆஸ்துமா இருப்பவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். அதற்கு மேலும் எரிச்சல் என்றால் மரத்தூள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைத்த தூளைக் கோணிப்பையில் அள்ளிவந்தேன். கொளுத்திய இரண்டாவது நிமிடம் வீட்டில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அதில் பாதி பிளைவுட் அறுத்த தூள்; ஒட்டுப் பசையும் சேர்ந்து எரிந்திருக்கிறது. பாலீஷ் போட்ட மரம், பெயிண்ட் அடித்த மரம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். நைனியப்ப நாயக்கன் தெருவில் வாங்கும் செண்டு எண்ணெய்களிலும் கை தாராளமாகக் கூடாது: 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி என்றால் ஏராளம்.

டப்பாவில் வைத்திருந்து எடுத்தால் மறுபடி அணைகிறது

பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பீர்கள், அல்லது மூடி சரியில்லாத டப்பாவில். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா, அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி, அதன்மேல் காகிதம், அதற்குமேல் பத்தி. மாதம் ஒருமுறை அரிசியை மறுபடி வறுத்துப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு ஈடு தேறவில்லை என்றால், பூஞ்சை மட்டும் இல்லாதபட்சத்தில், உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்து ஒரு பாட்டிலில் கொட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலில் தணல் போட்டு, அதன்மேல் ஒரு கரண்டி தூவினால் போதும். எங்கள் வீட்டில் அந்த நாற்பது பத்திகளில் மிஞ்சிய முப்பத்தொன்பதுக்கு அது தேவைப்படவில்லை, இடிக்காமலே சித்திரை வரை எரிந்தன.